இடைவேளை ஆட்டம்

வானொலியைத் திறந்தால் எங்கள் கமலினி பாடுகிறாள். பாடகி ஒருத்திக்கு நடனம் அமைத்துக் கொடுக்கப் போனவள், கடைசியில் தானே பாடகியாகிவிட்டாள். சிட்னியில் இப்போது அவளைத் தூக்கி வளர்க்காத தமிழரே இல்லை. நடந்ததைச் சொல்ல அவளுடைய சித்தி நான் ஒருத்தியாவது வேண்டாமா?

1998இல் பார்மசி படித்துக்கொண்டே, எங்கள் பகுதி ரக்பி அணிக்கு, மைதானத்தில் ஆடி உற்சாகமூட்டும் சியர்லீடராகச் சேர்ந்தாள். குட்டைப் பாவாடை, கையில் மினுங்கும் குஞ்சங்கள். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அவளைக் கண்டேன் என்றால், உங்கள் கண் அங்கே ஏன் போனது என்று மனைவி கேட்பாளே. தான் பந்தை மட்டுமே பார்ப்பதாகச் தமிழ்ச் சங்கத் தலைவர் மகேந்திரராஜா யாரும் கேட்காமலே சொல்லித் திரிந்தார்.

கமலினி தானே அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அன்றோடு என் அக்கா புருஷன் ஜெயரட்ணம் அத்தான் அவளுடன் பேச்சை நிறுத்தினார். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றாலும் அக்கா வழியாகத்தான் செய்தி போகும். அந்த மனிதனின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

வருடக் கடைசியில் மெல்பேர்ண் பாடகி ஒருத்தி, தன் மேடை நிகழ்ச்சிகளுக்கு நடனம் அமைக்க அவளை அழைத்தாள். பொங்கலுக்குள் பதில் வேண்டும் என்றாள். இவளோ, அப்பா வாய் திறந்து ஓம் சொன்னால்தான் போவேன் என்று இருந்துவிட்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

அந்த முறை பொங்கல் விழாவுக்குக் கும்மி பழக்கும் ஆசிரியைக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் சிறுமிகளைக் கமலினியிடம் விட்டார்கள். தெரிந்ததைத்தானே அவள் பழக்குவாள்? பட்டுப்பாவாடையும் தலை நிறையப் பூவுமாக வந்த பிள்ளைகள், கும்மிப் பாட்டுக்கு மைதானத்து ஆட்டத்தை ஆடினார்கள். கைகளை உயர்த்தி அவர்கள் நின்றதும், மண்டபத்து ஆண்கள் அத்தனை பேரும் ரக்பிக் கூட்டம் போலவே பட்பட்டென்று தட்டி "ஹோய்" என்றார்கள். பிறகுதான் மனைவிமார் பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. மகேந்திரராஜா கூரையை ஆராய்ந்தார்.

அடுத்தது, விளையாட்டின் இடைவேளையில் ஆடும் ஆட்டம். அதைத் தொலைக்காட்சியில் காட்டுவதில்லை. அந்த நேரம் விளம்பரம் ஓடும். எந்த இடத்தில் எழும்பித் தட்டவேண்டும் என்பது மைதானத்துக்கே போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பிள்ளைகள் சுழன்று நின்றார்கள். மண்டபம் சும்மா இருந்தது. ஒரே ஓர் ஆள் மட்டும் கதிரையை விட்டு எழும்பி, கைகளைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். ஜெயரட்ணம் அத்தான்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் முருகன் கோயிலுக்கென்று புறப்பட்ட மனிதன் எங்கே போனார் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. ஒருநாளும் திருநீறு வந்து சேராத காரணமும் விளங்கியது.

கமலினி மேடையிலிருந்து இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, மெல்பேர்ணுக்குப் போகட்டோ?"

"போ பிள்ளை," என்றார் அத்தான். "மைதானத்திலை எனக்குப் பக்கத்திலை இருந்த வெள்ளைக்காரர் எல்லாருக்கும் என்ரை மகள் எண்டு சொல்லிப்போட்டன். உனக்குத்தான் சொல்லேல்லை."