ஜீப் இடத்தை விட்டு நகரவில்லை

ஹெல்மெட்டின் உள்துணியைத் துவைத்துக் கொடியில் போட்டது நான்தான். அன்று செவ்வாய்க்கிழமை. மூன்றாவது ஷிப்ட் முடிந்து காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து, தூங்குவதற்கு முன் கைக்கு அகப்பட்ட துணியையெல்லாம் சோப்பு நீரில் ஊறவைத்தேன். அதில் அதுவும் ஒன்று. பன்னிரண்டரைக்கு நான் எழுந்தபோது என் கணவர் மணிமாறன் சோறு வடித்து, முட்டைக்குழம்பு வைத்து, எனக்கொரு தட்டை மூடி வைத்திருந்தார். வெறும் ஓடாக இருந்த ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடிப்பக்கம் போய்த் துணியைப் பிழிந்து பார்த்தார்.

"இன்னும் சொட்டுது திலகா. இதப் போட்டுகினு போனா தலையில மீன் வளக்கலாம்."

"அடிக்கிற வெயிலுக்கு ஒரு மணி நேரத்துல காஞ்சிடுங்க."

"சைரன்காரன் எனக்காக ஒரு மணி நேரம் காத்துகினு இருப்பானா?"

சுரங்கத்தில் போடும் மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி, நாடாவை மோவாய்க்குக் கீழே இழுத்துக் கட்டினார். குழம்பில் முட்டை இரண்டு இருக்கிறது, ஒன்றை நந்தினிக்கு வை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். மணி ஒன்று இருபது.

நெய்வேலியில் பாதிப்பேர் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். சுரங்க ஹெல்மெட்டையே வண்டிக்கும் போட்டுக்கொள்வார்கள். மேலிருந்து விழும் கல்லைத் தாங்குவதற்காகச் செய்த தொப்பி அது, சாலையில் விழுவதற்கு உதவாது. போலீசார் அதை ஹெல்மெட்டாகக் கணக்கில் எடுப்பதில்லை. அது சரிதான். அன்று நான் அந்தத் துணியைத் துவைக்காமல் இருந்திருந்தால் என்று நானே சொல்வேன் எனப் பலர் எதிர்பார்த்தார்கள். நான் சொல்லவில்லை. மஞ்சள் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுவதற்கு அபராதம் உண்டு. மரண தண்டனை கிடையாது.

எங்கள் வீட்டில் நான் பர்மனென்ட், அவர் கான்ட்ராக்ட். என் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, ஒரே பிள்ளை என்பதால் வேலை எனக்கு வந்தது. கன்வேயர் கட்டுப்பாட்டு அறையில் லாக் புக் எழுதுவது என் வேலை. பெல்ட் ஓடினால் ரீடிங், நின்றால் நேரம், காரணம், யார் சொன்னது. பதினேழு வருடமாக எழுதுகிறேன். அவருக்கு வேலை இரண்டாவது சுரங்கத்தில், ஒரு கான்ட்ராக்டரிடம். இரண்டு மணி சைரனுக்குப் பிறகு பத்து நிமிடம்தான் கான்ட்ராக்ட் கேட்டில் பாஸ் பதியும். பிறகு போனால் ஆப்சென்ட். ஒரு மாதத்தில் மூன்று ஆப்சென்ட் என்றால் ஆளை மாற்றிவிடுவார்கள். மகள் நந்தினியின் காய்ச்சலுக்காக அந்த மாதம் அவர் ஏற்கெனவே இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்.

அதனால் ரவுண்டானாவில் போலீசார் விசில் ஊதியபோது அவர் நிற்கவில்லை. நின்றால் சாவியைப் பிடுங்கி ஓரமாக நிறுத்தி வைப்பார்கள், ஒரு மணி நேரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். நிற்காமல் போனது தப்பு. பிறகு நான் கொடுத்த மனுவில் இதைத்தான் முதல் பத்தியாக எழுதினேன். அடுத்த பத்தியில், வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு அபராதம் அனுப்பியிருக்கலாமே, எங்கள் பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் வண்டிப் புத்தகத்தில் இருக்கிறதே என்று எழுதினேன்.

அவர்கள் நம்பரைக் குறிக்கவில்லை. ஜீப்பை எடுத்தார்கள். ரவுண்டானாவிலிருந்து நாலரை கிலோமீட்டர் தள்ளி, சாம்பல் லாரிகள் போகும் சாலையின் வளைவில், மதகுச் சுவரில் வண்டி மோதியது. எனக்குப் போன் வந்தபோது அந்தத் தட்டில் பாதி சாப்பிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

முதல் தகவல் அறிக்கை மூன்றாம் நாள் கைக்குக் கிடைத்தது. 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து தானாகவே நிலைதடுமாறி மதகில் மோதி' என்று இருந்தது. துரத்தியது பற்றி ஒரு சொல் இல்லை. பிரேதப் பரிசோதனையில் மது இல்லை என்று வந்ததால் குடித்திருந்தார் என்று மட்டும் எழுத முடியவில்லை.

இருபது நாள் கழித்து, பள்ளிக்கூடம் கிளம்பும்போது, தலையை எனக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்த நந்தினி கேட்டாள். அப்போது ஒன்பதாம் வகுப்பு.

"அப்பா எதையாவது எடுத்துட்டு ஓடினாராம்மா?"

"யார் சொன்னா?"

"கிளாஸ்ல. போலீஸ் தொரத்துச்சுன்னா திருடன்தானேன்னு ஒருத்தி சொன்னா. இல்ல, போலீஸ் தொரத்தவே இல்லன்னு பேப்பர்ல போட்டிருக்குன்னு இன்னொருத்தி சொன்னா. அப்ப எதுக்கு அவ்ளோ வேகமாப் போனாருன்னு கேக்குறாங்க."

ஜடையை முடித்து ரிப்பன் கட்டினேன். அவள் போனதும், விசாரணை கேட்டுக் கோட்டாட்சியருக்கு மனுவை எழுத உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் எப்படிச் செத்தார் என்பதை, அரசாங்கத்தின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒரு காகிதத்தில் உள்ளபடி எழுத வேண்டும்.

அவருடைய தம்பி அசோக்குமார் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தார். மனு கொடுத்தது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"அண்ணி, போலீஸ்கிட்ட மோதிகினு நாம வண்டியோட்ட முடியுமா? நாளைக்கு எனக்குப் பின்னாடியும் வருவானுங்க."

"நீங்க ஹெல்மெட் போட்டுகினு போங்க. வர மாட்டாங்க."

"சிரிப்பா இருக்கா உங்களுக்கு? நீங்க பர்மனென்ட்டு. உங்கள யாரும் அசைக்க முடியாது. அந்தத் தைரியத்துல பேசுறீங்க."

"ஆமா. அந்தத் தைரியத்துலதான் பேசுறேன். அது இல்லாதவங்க எத்தன பேரு பேசாம இருந்திருப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க."

அவர் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். ஆனால் விசாரணை நாளன்று எனக்கு முன்பே வந்து வராந்தாவில் நின்றிருந்தார்.

கோட்டாட்சியர் விசாரணை ஏழு மாதம் கழித்து நடந்தது. கோட்டாட்சியர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் ராஜ்மோகன் புதிதாக முடி வெட்டி, சலவைச் சட்டையில் வந்திருந்தார். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் எழுந்து, "உங்க கஷ்டம் புரியுது மேடம்" என்றார். நான் தலையாட்டவில்லை.

அவருடைய வாக்குமூலத்தைப் படித்தார்கள். வாகனத் தணிக்கையில் இருந்தேன். மஞ்சள் ஹெல்மெட் அணிந்த ஒருவர் நிற்காமல் சென்றார். யாரும் அவரைப் பின்தொடரவில்லை. சிறிது நேரத்தில் விபத்து பற்றித் தகவல் கிடைத்ததும் காவலர் ஒருவரின் இருசக்கர வாகனத்தில் சம்பவ இடத்துக்குச் சென்றேன். தணிக்கை முடியும்வரை ஜீப் இடத்தை விட்டு நகரவில்லை.

அடுத்து பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்கள். மதகுக்கு எதிரே தள்ளுவண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுத்து விற்பவர். நாற்பது வருடத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கமிருந்து புருஷனோடு வந்தவர், பேச்சு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போலீசார் முதலில் அவரிடம் வாங்கிய வாக்குமூலத்தில், பார்வை மங்கியவர், எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கோட்டாட்சியர் கேட்டார்.

"அந்தா ஒங்க தலைக்கு மேல தொங்குத காலண்டர்ல நேத்து தேதி கெடக்கு. கிழிக்கலியே தாயி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உதவியாளர் ஒருவர் எழுந்து போய் அதைக் கிழித்தார்.

"சரி, என்ன பாத்தீங்க?"

"ஜீப்பு அந்தத் தம்பி வண்டிக்குப் பின்னால ஒட்டிக்கிட்டு வந்துச்சு. இம்புட்டுதான் எடவெளி." இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "வளைவுல கூட விடல. அவன் விழுந்த பொறவு ஜீப்பு நின்னுச்சு. எறங்கிப் பாத்தாவ. பொறவு திருப்பிக்கிட்டுப் போயிட்டாவ. நான்தான் தண்ணி கொண்டு போனேன்."

ராஜ்மோகன் மெதுவாகச் சொன்னார், "வயசானவங்க மேடம். அந்த ரோட்ல லாரி, ஜீப் எல்லாம் நாள் முழுக்கப் போகும். எதையோ பாத்து எதையோ சொல்றாங்க."

கோட்டாட்சியர் குறித்துக்கொண்டார். ஒருவர் சொல்வதற்கு எதிராக இன்னொருவர் சொல்வது. இப்படியே முடிந்தால் யார் சொல் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பிறகு என்னைப் பார்த்து, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"அந்த ஜீப்போட லாக் புக்கைப் பாக்கணும் மேடம்."

ராஜ்மோகன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அது டிபார்ட்மென்ட் ரெக்கார்ட் மேடம். வெளியாளுக்குக் காட்ட முடியாது."

"எனக்குக் காட்டலாம் இல்லையா?" என்றார் கோட்டாட்சியர். "மத்தியானத்துக்குள்ள கொண்டு வரச் சொல்லுங்க. டிரைவரும் வரட்டும்."

வெளியே வந்ததும் அசோக்குமார் கேட்டார், "அதுல தொரத்தினோம்னா எழுதி வச்சிருப்பானுங்க அண்ணி?"

"எழுதியிருக்க மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு?"

அவருக்கு விளக்கிச் சொல்ல அப்போது முடியவில்லை. லாக் புக் எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். காரணம் எழுதும் கட்டத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பெல்ட் நின்றதற்கு நானே மேஸ்திரியின் மானத்துக்காக 'மழை' என்று எழுதியிருக்கிறேன். ரீடிங் கட்டத்தில் அப்படி எழுத முடியாது. அடுத்த ஷிப்டில் வருகிறவர் மீட்டரைப் பார்த்துத்தான் தன் வரியைத் தொடங்குவார். நாம் குறைத்து எழுதினால் மிச்சம் அவர் தலையில் விழும். அவர் விட மாட்டார்.

மூன்று மணிக்கு லாக் புக் வந்தது. கோட்டாட்சியர் அந்தத் தேதியைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார். நோக்கம்: வாகனத் தணிக்கை. பகல் பன்னிரண்டு மணிக்கு நிலையத்திலிருந்து புறப்படும்போது 41306. மாலை நான்கு மணிக்குத் திரும்பும்போது 41319. கீழே டிரைவர் துரைராஜின் கையெழுத்து.

"நிலையத்துலேர்ந்து ரவுண்டானா ரெண்டு கிலோமீட்டர் மேடம்," என்றேன். "போக வர நாலு. ஜீப் நகரவே இல்லைன்னா நாலுதான் ஓடியிருக்கணும். பதிமூணு ஓடியிருக்கு. மிச்சம் ஒன்பது. ரவுண்டானாவுலேர்ந்து மதகு நாலரை."

கோட்டாட்சியர் பேனாவை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"மீட்டர் ரிப்பேர்," என்றார் ராஜ்மோகன். "பழைய வண்டி மேடம். தாவித் தாவி ஓடும்."

"அடுத்த வரியப் பாருங்க மேடம்," என்றேன். "மாலை டூட்டிக்காரர் அதே 41319ல ஆரம்பிச்சிருக்கார். மீட்டர் தாவுறதா இருந்தா ரிப்பேர்னு எழுதியிருப்பார். அந்த மாசம் முழுக்க, அதுக்கு அடுத்த மாசம் முழுக்க அப்படி ஒரு வரி இருக்கான்னு பாருங்க."

கோட்டாட்சியர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அவசரப்படவில்லை. அந்த நேரம் முழுக்க ராஜ்மோகன் என்னைப் பார்க்கவில்லை. பிறகு கோட்டாட்சியர் துரைராஜை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அந்த மனிதருக்கு. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது உங்க எழுத்துதானே?"

"ஆமாங்கம்மா."

"ஒன்பது கிலோமீட்டர் எங்க போனீங்க?"

துரைராஜ் ராஜ்மோகனைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"அய்யா சொன்னாருங்க. விடாத, விடாதன்னாரு. ஜனங்க போற ரோடுங்கய்யான்னேன். கிட்டப் போ, கிட்டப் போன்னாரு. வளைவு வந்ததும் நான் காலை எடுத்துட்டேங்க. ஆனா அதுக்குள்ள..."

"சரி. அப்புறம்?"

"திரும்பி ரவுண்டானாவுக்கே போய் நிறுத்தச் சொன்னாருங்க."

எழுத்தர் அதை எழுதி முடித்தார். எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். துரைராஜ் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் வாசலில் அவர் எனக்காக நின்றிருந்தார். அசோக்குமார் என் முன்னால் வந்து நிற்கப் பார்த்தார். நான் தோளைத் தொட்டு விலக்கினேன்.

"ஒங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதும்மா," என்றார் துரைராஜ். "நான் நல்லவன்னு நெனச்சுக்காதீங்க. மாத்தி எழுதச் சொன்னாங்க, எழுதத்தான் பேனாவ எடுத்தேன். அதுக்குள்ள மாலை டூட்டிக்காரன் மீட்டரைப் பாத்துட்டான்."

"மாத்தி எழுதலை இல்ல?"

"இல்லம்மா."

"கோர்ட்டுலயும் இதையே சொல்லுங்க."

அறிக்கை நான்கு மாதம் கழித்து வந்தது. பதினோரு பக்கம். காவல் வாகனம் அபாயகரமான முறையில் நெருங்கித் துரத்தியதன் விளைவாகவே மரணம் நேர்ந்துள்ளது என்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அதை மறைத்துப் பொய் வாக்குமூலம் கொடுத்ததும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. ராஜ்மோகன் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வழக்குப் பிரிவு மாற்றப்பட்டு, அவர் பெயர் குற்றப்பத்திரிகையில் ஏறியது. வாய்தாவுக்கு வருகிறார். இப்போது சலவைச் சட்டை இல்லை. துரைராஜ் கோர்ட்டில் அதையே சொன்னார். பேச்சியம்மாள் அதற்கு மேலும் நிறையச் சொன்னார், நீதிபதிதான் போதும் என்றார். தீர்ப்பு எப்படி வந்தாலும் மேல்கோர்ட்டுக்குப் போகலாம், இந்த அறிக்கைக்குக் கீழே இனி இறங்க முடியாது என்று வக்கீல் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

நந்தினி ஏழாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பள்ளிக்கு எடுத்துப்போக ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றாள். எடுத்துக்கொடுத்தேன். அங்கே அதை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

முதல் தகவல் அறிக்கையைத் திருத்த முடியுமா என்று வக்கீலிடம் கேட்டேன். வழக்குப் பிரிவை மாற்றி மேலே தாள் வைப்பார்கள், முதல் தாளை அடிக்கவோ கிழிக்கவோ யாருக்கும் அதிகாரம் கிடையாது என்றார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் வழக்குக் கட்டைப் பிரிக்கும்போது பார்க்கிறேன். அடியில், அந்த முதல் தாளில், இன்னும் 'தானாகவே நிலைதடுமாறி' என்று இருக்கிறது.