குளத்து மூலைப் பச்சை

குகதாசன் தன் கூட்டாளி சிவானந்தனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது நூற்று எண்பத்தாறு பவுண். லண்டன் குட்மேய்ஸில் அறை எடுக்க அட்வான்ஸ் இல்லாமல் முழித்துக்கொண்டு நின்றபோது, கேளாமலே சிவானந்தன் எடுத்துக் கொடுத்த காசு. மனுசன் இருக்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாரடைப்பில் போன பிறகு மனைவி பாலாம்பிகையும் கேட்கவில்லை.

அது தொண்ணூற்றொன்று. ஊரில் சண்டை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சாம்பலைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக வழியில்லை. பாலாம்பிகை பூங்காக் குளத்தின் ஒரு மூலையில் கரைத்தாள். துணைக்குப் போனவன் குகதாசன். இடம் அடையாளம் தெரியட்டும் என்று, மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ஒரு பிடி நீர்ப்பூண்டையும் அதிலேயே விட்டாள். இறகு மாதிரி இலை. பச்சை நின்றால் அவர் ஆறுதலாய் இருக்கிறார் என்பது அவள் நினைப்பு.

பச்சை நின்றது. நின்றதோடு விடாமல், இரண்டு கோடையில் பாதிக் குளத்தை மூடிவிட்டது. அடியில் மூச்சு முட்டி மீன்கள் செத்து மிதந்தன. அகற்றும் வேலை குகதாசன் கூலிக்கு நின்ற ஒப்பந்தக்காரனுக்குக் கிடைத்தது. பொதுக் குளத்தில் நினைத்தபடி மருந்து அடிக்க முடியாது. அதற்கு அனுமதி வேண்டும். முதலில் வேரோடு கையால் பிடுங்க வேண்டும். மிஞ்சி முளைத்தால் மருந்துதான். அனுமதியும் எடுத்தாயிற்று.

இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மச்சான், கீரைப்பிடி கட்டி அப்டன் பார்க் சந்தையிலை விக்கிற பிளானோ?" என்றான் கூட நின்ற சூசைதாசன்.

குகதாசன் சிரிக்கவில்லை. கரையில் பாலாம்பிகை நின்றாள்.

"அண்ணை, அந்த மூலையை மட்டும் விடுங்கோ."

"ஏலாது தங்கச்சி. ஒரு துண்டு கிடந்தாலும் திரும்பப் பரவும். பிறகு மருந்து அடிப்பினம்."

"அடிக்கிறவை அடிக்கட்டும். நீங்கள் கை வைக்காதேங்கோ."

"அவன் கரைஞ்ச தண்ணியிலை நஞ்சு ஊத்த விடச் சொல்லுறியோ?"

"அவரைப் பிடுங்கி எறியிறதுக்கு உங்கடை கைதானோ கிடைச்சுது?"

குனிந்தான். விரலைச் சேற்றுக்குள் விட்டு, கணு அறாமல், பிள்ளையின் தலையில் சிக்கெடுப்பதுபோல மெல்ல மெல்ல எடுத்தான். கடைசி வேர் வந்தபோது அந்த மூலையில் வெறும் கறுத்த தண்ணீர்தான் இருந்தது.

பாலாம்பிகை அழவில்லை.

"அண்ணை, இவர் உங்களுக்குத் தந்த காசை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தாங்கோ."

இவ்வளவு காலமும் கேட்காதவள். சேற்றுக் கையோடு அப்படியே நின்றான். தன்னைச் சொந்தக்காரர் கணக்கிலிருந்து எடுத்துவிட்டாள் என்பது அவனுக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு சூசைதாசனிடம் கடனாய் மாறியதையும் சேர்த்துக்கொண்டு போனான். எந்த நாளும் "வாங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்" என்பவள், கதவைப் பாதி திறந்து வாசலிலேயே எண்ணினாள்.

"சரியா இருக்கு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.