கட்டடத்துக்கே கேட்டது

பிரசவத்துக்குக் கூடவே இருக்கிறேன் என்று சொல்லியிருந்த அம்மா, பெட்டியெல்லாம் கட்டி வைத்த பிறகு குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்க்கும் கணவனுக்கோ விடுப்பு முடிந்துவிட்டது. பிறந்த மகளை உச்சி முகர்ந்துவிட்டு, வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கிளம்பிப் போனான். ஆக, ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளுக்குத் துணை என்று மிஞ்சியவர் மாமனார் ஒருவர்தான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். வம்புதும்புக்குப் போகாத மனிதர். ஆனால் ஆயுள் முழுக்க இரும்புச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்ததில் காது மந்தமாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இடையே நடந்த பேச்சு, "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன் மாமா", "சரிம்மா" என்கிற அளவோடு சரி. அதையும் அவள் தொண்டையை உயர்த்தித்தான் சொல்ல வேண்டும்.

அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. சோற்றைக் குழைய வடித்தார். துணிகளை அலசிக் காயப்போட்டார். குழந்தை அழுவது காதில் விழாது என்பதால் அவள் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டுவாள். அந்த 'ணங்' மட்டும் எப்படியோ அவருக்கு எட்டிவிடும். வந்து குழந்தையைத் தூக்கி, சரக்கு இறக்குகிற கவனத்தோடு மெல்ல மெல்லத் தாழ்த்தி அவள் மடியில் விடுவார். உடனே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்.

அந்த மரியாதையே அவளுக்கு இடைஞ்சலாகவும் இருந்தது. ஒரு தும்மல் வந்தால் உயிர் போய் உயிர் வந்தது. படுக்கையிலிருந்து எழுவது அதைவிடப் பெரும்பாடு. கொஞ்சம் கை கொடுங்கள் என்று மாமனாரைக் கேட்க நா எழவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தானே எழுந்தாள். அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்றாள்.

ஒரு நாள் காலையில் வயிற்றுக் கட்டு ஈரமாக இருந்தது. விலக்கிப் பார்த்தாள். தையலின் ஓரம் சிவந்து வீங்கி, மஞ்சளாக ஏதோ கசிந்திருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது, கூடவே குளிரெடுத்தது. யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் ஒடிந்த காலோடு புறப்பட்டுவிடுவாள். கணவன் நடுக்கடலில் இருக்கிறான். மாமாவிடம் சொல்லலாம்தான். ஆனால் காதோடு காதாகச் சொல்ல வேண்டியதை அவரிடம் ஊரைக் கூட்டித்தான் சொல்ல முடியும். அந்தக் கட்டடத்துச் சுவர்களும் லேசுப்பட்டவை அல்ல. மாடியில் ஒருவர் கொட்டாவி விட்டால் கீழே கேட்கும். தானாகச் சரியாகிவிடும் என்று இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மதியம் குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின. குழந்தையைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயத்தில் வெட்கம் கொஞ்சம் விலகியது.

"மாமா, காய்ச்சல்."

"பாலா? காய்ச்சி வெச்சிட்டேனே."

"பால் இல்ல மாமா. தையல்... தையல் ஒரு மாதிரி இருக்கு."

"தையல் மெஷினா? அது பரண் மேல கிடக்கு. இப்ப எதுக்கும்மா உனக்கு அது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வயிறு சுண்டி இழுத்தது. வலியில் கண்ணீர் வந்தது. வந்த கண்ணீர் நிற்கவே இல்லை. அதைப் பார்த்ததும் அவர் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டுக் கட்டிலருகே வந்து குனிந்தார்.

"அழாதம்மா. எனக்குக் கேக்கற மாதிரி சத்தமா சொல்லு. யார் காதுல விழுந்தா நமக்கென்ன?"

அவள் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"வயித்துத் தையல்ல சீழ் வருது மாமா. காய்ச்சல் கொதிக்குது. பிள்ளையைத் தூக்க முடியல. எனக்குப் பயமா இருக்கு."

மேல்வீட்டில் அலறிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. எங்கோ பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றது. மாமனார் நிமிர்ந்தார். "அவ்வளவுதானே, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் சட்டைப் பொத்தான்களை எல்லாம் ஒரு துளை தள்ளி மாட்டினார்.

அவர் செருப்பைத் தேடுவதற்குள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அக்கா. பஸ்ஸில் கண்டக்டராக இருப்பவள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒரு சிரிப்பு, அதற்கு மேல் பழக்கமில்லை.

"எனக்கு மட்டும் இல்ல, கட்டடத்துக்கே கேட்டுச்சு" என்றபடி உள்ளே வந்தாள். "மேல்வீட்டுக்காரர் வண்டியை வாசலுக்குக் கொண்டு வரார். எழுந்திரு பார்ப்போம்."

அவள் வழக்கம்போல் கட்டில் விளிம்பைப் பிடித்தாள்.

"இப்படியா தினம் எழுந்துக்கறே? நேரா நிமிர்ந்தா தையல் என்னத்துக்கு ஆகும்? முதல்ல ஒருக்களிச்சுப் படு. முழங்காலை மடக்கிக் காலைத் தொங்கவிடு. இப்ப கையை ஊணு. அவசரப்படாத."

உடம்பு தானாக மேலே வந்தது. இத்தனை நாள் பட்ட வேதனையில் பாதிகூட இல்லை.

"ஆஸ்பத்திரில சொல்லித் தரலையா?"

"சொன்னாங்க போல. அப்ப மண்டைல எதுவும் ஏறல அக்கா."

"யாருக்குத்தான் ஏறும்? எனக்கு ரெண்டும் ஆபரேஷன்தான். மூத்தவனுக்கு நானும் உன்னை மாதிரிதான் முழிச்சேன்."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா பின்னால் வர, மாமனார் அவளுக்கு ஒரு படி முன்னால், அவளைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கினார். இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். ஒரு விரல்கூட அவள்மேல் படவில்லை.

டாக்டரம்மா தையலின் ஓரத்தைத் திறந்து சுத்தம் செய்து புதுக்கட்டுப் போட்டாள். "மேல் தோல்லதான் சீழ் பிடிச்சிருக்கு. உள்தையல் கெட்டியா இருக்கு. மாத்திரை சாப்பிடுங்க, தினம் வந்து கட்டு மாத்திக்கங்க. பால் தாராளமா கொடுக்கலாம்."

"நான் இன்னிக்கும் சொல்லாம இருந்திருந்தா டாக்டர்?"

"அதான் சொல்லிட்டீங்களே."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மருந்து வாங்க மாமனார் வரிசையில் நின்றபோது, பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, மனதுக்குள் கிடந்து அரித்ததையும் சொல்லிவிட்டாள். "எல்லாரையும் மாதிரி என்னால பெத்துக்க முடியலையேன்னு இருக்கு அக்கா."

"அடி போடி. வேற எந்த ஆபரேஷனாவது பண்ணி, மறுநாளே நடக்கச் சொல்லி, கையில ஒரு பிள்ளையையும் கொடுத்து, பார்த்துக்கோன்னு அனுப்புவாங்களா? அதைச் செஞ்சிட்டு உக்காந்திருக்கே. இதுல முடியலைங்கறது எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. அவளுடைய தையல் அதற்குள் கட்டடத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. மேல்வீட்டம்மா குழந்தைத் துணிகளைத் துவைக்க எடுத்துப் போனாள். படியேறுகிறவர்கள் எல்லாம் வாசலில் நின்று, "தையல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மானமே போய்விடும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் போகவில்லை. "ஆறிட்டு வருது" என்று அவளும் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

மாமனார், மகன் வாங்கித் தந்தும் தொடாமல் அலமாரியில் போட்டிருந்த காதுக் கருவியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து குழந்தை வீறிட்டது. மனிதர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

"இவ இவ்வளவு சத்தமா அழுவாளா? சாதுக் குழந்தைன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேனே."

அவள் தலையணையை அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

அன்று மதியம் அம்மாவைப் போனில் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா முதலில் அழுதாள், பிறகு திட்டினாள், அப்புறம் "மாமாகிட்ட கொடு" என்றாள். அவர் போனை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

"சொல்லுங்க சம்மந்தியம்மா... கேக்குது, நல்லாவே கேக்குது... காய்ச்சல் இல்ல... காலையில சாப்பிட்டா, நான் பக்கத்துலயே இருந்தேன்... சரிங்க, முட்டையும் கொடுக்கறேன்..."

அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. இன்னும் அரைமணி நேரமாவது ஓடும். பால் குடித்த குழந்தை உதட்டைக் குவித்தபடி தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கட்டிலில் ஏற்றிக்கொண்டாள். கூடத்திலிருந்து அவர் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பது கேட்டது. கேட்டபடியே தூங்கிப்போனாள்.