முதல் குண்டு கணக்கில் இல்லை

துப்பாக்கியை விற்கப் போகிறேன் என்றதும் காஸியான் முகத்தைச் சுளித்தான்.

"ரொமெடி போய் நாலு மாசம்தான ஆச்சு, புர்கி."

"போனவனுக்கு எதுக்குத் துப்பாக்கி? நீ குறி பார்த்துக் குடு, போதும்" என்றேன். என் வாய் அப்படித்தான். முப்பத்திரண்டு வருஷம் ஒரு வேட்டைக்காரனோடு குடித்தனம் நடத்தியவளுக்குப் பேச்சு வேறு எப்படி இருக்கும்?

காஸியான் எங்கள் பள்ளத்தாக்கில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். என் வீட்டுக்காரன் ரொமெடியுஸும் அவனும் பொடியன்களாக இருந்தபோதிலிருந்து சேர்ந்து மலையேறியவர்கள். வாங்க இருந்தவர் இன்ஸ்ப்ரூக் நகரத்தில் பல் டாக்டர். குறி சுத்தமாக இருப்பதைக் காட்டினால்தான் எடுத்துக்கொள்வாராம். அதனால் ஜூன் மாதத்தில் ஒரு காலையில், ஊருக்கு மேலே துப்பாக்கி சுட்டுப் பழகும் சுடுமேடைக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம்.

அது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. நடுவில் மடக்கி, ஒரு தோட்டாவைப் போட்டு, நிமிர்த்தி மூட வேண்டும். அவ்வளவுதான், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. "ஒண்ணு போதும்கிறவனுக்குத்தான் இது" என்று ரொமெடி பீற்றிக்கொள்வான். முப்பது வருஷம் அவனுக்கு ஒன்றே போதுமானதாகத்தான் இருந்தது, போன அக்டோபர் வரைக்கும்.

அன்றைக்கு அவனுக்கு அறுபதாவது பிறந்தநாள். விடியுமுன்னே கிளம்பிப் போனவன், இருநூறு மீட்டரில் நின்ற ஒரு மலையாட்டின் நெஞ்சுக்குக் குறிவைத்துச் சுட்டான். குண்டு தாழப் போய் முன்னங்காலை உடைத்தது. ஆடு மூன்று காலில் ஓடிவிட்டது. காயம்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தேடினான். கண்டுபிடித்தபோது அது உயிரோடுதான் கிடந்ததாம். கதையை முடித்துவிட்டு, முறைப்படி அதன் வாயில் ஒரு பச்சைக் கொப்பைக் கடைசிக் கவளமாக வைத்தான். சுட்டவன் தொப்பியில் செருகிக்கொள்ளும் கொப்பை மட்டும் அவன் செருகிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "துப்பாக்கியில ஏதோ கோளாறு இருக்கு, புர்கி" என்றான்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாகத் தூங்காமல் காத்திருந்த எரிச்சல் வேறு. "ஆமாமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அறுபது வயசாச்சு, கண்ணு போச்சுன்னு ஒத்துக்கயேன்" என்றேன். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தேன், பாவி.

அவன் சிரிக்கவில்லை. மறுநாள் இதே சுடுமேடைக்கு வந்து மூன்று குண்டு சுட்டான். மூன்றும் நடுவட்டத்தில் ஒரு நாணயத்துக்குள் அடங்கின. இலக்கு அட்டையைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு, "நீ சொன்னதுதான் சரி. துப்பாக்கி மேல தப்பில்ல" என்றான். அந்த வாரமே வேட்டை உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அப்புறம் அவன் மலைப்பக்கம் திரும்பவே இல்லை. சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சூப் குடிப்பான். பிப்ரவரியில் ஒரு நாள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்று எழுதினார். எழுதட்டும், அவருக்கு என்ன தெரியும்?

வேட்டைக்காரன் செத்தால் கூட்டாளிகள் ஆளுக்கொரு பச்சைக் கொப்பைக் குழியில் போடுவார்கள். தனக்கு அது கூடாதென்று காஸியானிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான் ரொமெடி. "ஆட்டை அப்படிச் சித்திரவதை பண்ணவன் வேட்டைக்காரன் இல்ல" என்றானாம். அதனால் வந்திருந்த கூட்டாளிகள் பதினோரு பேரும் வெறுங்கையோடு நின்றார்கள். நானும்தான் நின்றேன்.

சுடுமேடையில் காஸியான் மணல்மூட்டையைத் தட்டிச் சரிசெய்து, துப்பாக்கியின் மரப்பாகத்தை அதன்மேல் பதித்து வைத்தான். குழலை மூட்டையில் சாய்த்தால் குறி விலகிவிடும் என்றான். நூறு மீட்டரில் இலக்கு அட்டை. சுட்டான். கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அட எழவே!" என்றான்.

நடுவட்டத்துக்கு ஒரு கையகலம் கீழே ஓட்டை விழுந்திருந்தது.

ரொமெடி சொன்ன கோளாறு! காஸியான் துப்பாக்கி மேலிருந்த குறிபார்க்கும் தொலைநோக்கியின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. துப்பாக்கியை மடக்கிக் கீலை ஆட்டிப் பார்த்தான். துளி ஆட்டம் இல்லை. மறுபடி தோட்டா போட்டுச் சுட்டான். சரியாக நடுவில் விழுந்தது. குழல் ஆறும்வரை காத்திருந்து இன்னொன்று சுட்டான். அதுவும் நடுவில்.

"ஏன் புர்கி, குழலுக்குள்ள எண்ணெய் போட்டியா?"

"பின்ன? நேத்து நல்லா ஊத்தித்தான் தேச்சேன். நாளைக்கு அந்தாளு வந்து பார்க்கும்போது பளபளன்னு இருக்க வேணாமா?"

"அடி போடி, என்னைப் பயமுறுத்திட்ட" என்று அவன் சிரித்தான். "எண்ணெய்க் குழல்ல முதல் குண்டு கண்டபடி போகும். அது கணக்குல சேராது. அதோட எண்ணெயும் போயிரும், அடுத்தது சரியா விழும்."

"மலைக்குப் போகும்போது?"

"முந்தின சாயங்காலமே துணி விட்டுக் குழலைக் காயத் துடைச்சிடுவோம். ரொமெடி ஒரு நாளும் மறந்ததில்ல."

மறக்கவில்லைதான். பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலமும் துடைத்துத்தான் ஆணியில் மாட்டினான். வாத நோயில் வீங்கியிருந்த விரல்களால் துணியைப் பிடிக்க முடியாமல் பிடித்து அவன் துடைத்ததை அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாவம், சரியாகத் துடைக்க முடியவில்லையே என்று நினைத்தேன். அவன் படுத்த பிறகு, பிறந்தநாளாயிற்றே என்று, அதை எடுத்து உள்ளும் புறமும் எண்ணெய் விட்டு மினுமினுக்க வைத்துத் திரும்ப மாட்டினேன். மறுநாள் சாயங்காலம் அவன் வீடு திரும்பியதும் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் வந்தது இரண்டு நாள் கழித்து. அப்போது எண்ணெயா நினைவுக்கு வரும்?

காஸியானிடம் சொன்னேன். அவன் துப்பாக்கியை உறையில் போடப் போனான்.

"இன்னொரு தடவை எண்ணெய் போட்டுச் சுடு" என்றேன்.

"வேணாம் புர்கி."

"சுடுறா!"

சுட்டான். நடுவட்டத்துக்கு ஒரு கையகலம் கீழே. முதல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே.

"நூறு மீட்டர்ல ஒரு கைதான்..." என்று எனக்குச் சமாதானம் சொல்ல ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"அவன் சுட்டது இருநூறு" என்றேன். "ரெண்டு கை கீழ. நெஞ்சுல இருந்து கால்."

"மாதாவே" என்று காஸியான் தொப்பியைக் கழற்றினான். "இங்க வந்து அவன் சுட்டுப் பார்த்தப்ப எண்ணெய் மிச்சமில்ல. அவனுக்கு எப்படித் தெரியும்? யாருக்குமே தெரிஞ்சிருக்காது, புர்கி. நீ ஆசையாத்தான செஞ்ச."

"அதைச் சொல்லாத. திட்டு. ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போ."

அவன் திட்டவில்லை. மேடைக்குப் பின்னால் நின்ற மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து, தன் தொப்பியின் மேல் வைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். வேட்டைக்காரனுக்குக் கொப்பு கொடுக்கிற முறை அது. அவ்வளவு பெரிய ஆள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

பல் டாக்டரிடம் பேசுவதை அவன் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். நான் நேரே கல்லறைக்குப் போனேன். போன வாரம் நட்ட பூக்களை ஒதுக்கிவிட்டு மண்ணில் கொப்பைக் குத்தி வைத்தேன். வழியெல்லாம் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். அங்கே உட்கார்ந்ததும் அழுகைதான் வந்தது.

அப்புறம் சொன்னேன்.

"உன் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு, ரொமெடி. கூடம்தான் கோணல். கோணலாக்கினவ நான்."