பிணத்துக்கு லீவு கிடையாது

முதல் நாளே செத்துப்போனது என் முட்டாள்தனம். சீக்கிரம் செத்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். சும்மாவும் சாகவில்லை. படத்தில் முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையில், ஈட்டியை மார்பில் பிடித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நாயகனின் காலடியில் போய் மல்லாந்து விழுந்தேன். இயக்குநர் கைதட்டினார். அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

ஒரு ஷாட்டில் இருப்பது அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்க்க ஓர் அம்மா உண்டு. நாங்கள் நோட்டு மேடம் என்போம். யார் எங்கே நின்றார்கள், யார் முகத்தில் எத்தனை கீறல், எல்லாம் அவர் நோட்டில் ஏறிவிடும். 'நாயகன் காலடியில் வாய் பிளந்த பிணம் ஒன்று' என்று எழுதிவிட்டார். சண்டை முடிகிற வரைக்கும் நான் அங்கே கிடந்தாக வேண்டும்.

படத்துக்கு எடுத்துக்கொண்ட பழைய கதையில் ஒரு வீரன் ஊர்க் கிணற்றை ஓர் அரக்கனிடமிருந்து காப்பாற்றுகிறான். அரை நாளில் சண்டை முடிந்துவிடும். எங்கள் இயக்குநர் கிணற்றைத் தூக்கி மேகத்தின் மேல் வைத்தார். அரக்கனுக்குப் பறக்கும் நண்டு ஒன்றை வாகனமாகக் கொடுத்தார். போதாக்குறைக்கு வானத்தில் மூன்று நிலா. இதில் எதுவும் அங்கே கிடையாது. பெரிய கொட்டகை, சுற்றிலும் பச்சைத் துணி, நடுவில் ஒரு கிணறு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் வருமாம். அரை நாள் சண்டை நாற்பது நாளாக நீண்டது. ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றியிருந்தார்கள். அந்தக் கதை எறும்புகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இருபத்தோராம் நாள் என் மனைவி வெளிநாடு கிளம்புகிறாள். நர்ஸ் வேலை, இரண்டு வருஷம். விமான நிலையத்துக்கு மூன்று மணிக்கு வண்டி. வழியனுப்ப அரை நாள் கேட்டுப் போனேன்.

"செத்தவங்க லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லை," என்றார் நோட்டு மேடம்.

"நாலு மணி நேரம்தான் மேடம். வேற யாரையாவது படுக்க வைங்களேன்."

"இந்த மாதிரி ஒரு வாய்க்கு நான் எங்க போவேன்?"

சரி, நான் போக முடியாவிட்டால் அவள் வருவாள். வந்தாள், பெட்டியும் கையுமாக. வெளியாட்களை உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்குப் பார்த்து என் பக்கத்துப் பிணத்துக்குக் காய்ச்சல். உடுப்புக்காரர் நல்ல மனுஷன். அவளுக்குக் கவசத்தை மாட்டி, தலையில் இரும்புத் தொப்பியைக் கவிழ்த்து, "ஒரே ஒரு ஷாட்டும்மா. பேச வேண்டியதைப் படுத்துக்கிட்டே பேசிடு" என்று என் பக்கத்தில் கிடத்திவிட்டுப் போனார்.

"என்னங்க," என்றாள் உதடு அசையாமல். "எறும்பு கடிக்குது."

"பழகிடும். பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"இதோட ஆறு தடவை கேட்டுட்டீங்க. ராத்திரி கேஸை மூடிட்டுப் படுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதில்தான் கெட்டது காரியம்.

"யாரும் அசையாதீங்க!" என்று இயக்குநர் கத்தினார். "அப்பனும் மகனும் கையைப் பிடிச்சுக்கிட்டே செத்திருக்காங்க! இதைப் பார்த்துத்தான் ஹீரோவுக்கு வெறி வருது!"

மகன் சிரிப்பை அடக்க என் விரல்களை நசுக்கினான். கேமரா எங்கள் கைகளுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தது. நோட்டு மேடமும் குனிந்து எழுதிக்கொண்டார். நாயகன் அந்தக் கைகளின் மேல் சபதம் செய்ய வேண்டும் என்றாகிவிட்டது. அவருக்கோ சபதம் வாயில் நுழையவில்லை. ஒன்பது முறை எடுத்தார்கள். மணி இரண்டே முக்கால்.

"இன்னைக்கு முடியாது போலிருக்கு," என்றார் நோட்டு மேடம். "நாளைக்கும் இதே கை வேணும்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "நல்ல வேலை, போயிட்டு வா" என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். அவள் எத்தனை வருஷம் இதற்காகக் காத்திருந்தாள் என்றும் தெரியும். ஆனாலும் நோட்டில் ஏறிவிட்டால் எங்கே போவாள்? பழியை நோட்டு மேடத்தின் தலையில் போட்டுவிட்டு நான் பாட்டுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கலாம்.

அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் அல்லவா.

"நீங்க இருன்னு சொன்னா இருந்துடறேங்க," என்றாள் தொப்பிக்குள்ளிருந்து. "நிஜமாத்தான் சொல்றேன்."

பிணத்துக்கு அழுகை வரக்கூடாது. எனக்கு வந்தது. பத்தாவது முறையாக நாயகன் வாளை ஓங்கி, "இந்தக் கைகள் மீது ஆணை" என்று தொடங்கினார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

ஆயிரம் அரக்கர்களை வெட்டிச் சாய்த்த மாவீரன், "ஐயோ அம்மா!" என்று வாளைப் போட்டுவிட்டுக் கிணற்றுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்.

"எழுந்திரு," என்றேன் அவளிடம். "நேரமாச்சு. கிளம்பு."

அவள் கவசத்தோடு எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உடுப்புக்காரர் "தொப்பி! தொப்பி!" என்று பின்னாலேயே ஓடினார். கதவருகில் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கன்னமெல்லாம் சர்க்கரைப் பாகு. பிறகு போய்விட்டாள்.

இயக்குநர் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் என்னை விரட்டவும் முடியாது, இருபத்தொரு நாள் படத்தில் என் வாய் இருக்கிறது. மறுநாள் நோட்டு மேடம் டேப் வைத்து அளந்து என்னைப் பழைய இடத்தில் கிடத்தினார். என் கைக்குள் ரப்பரில் செய்த ஒரு கையை வைத்தார்.

"இறுக்கிப் பிடிங்க," என்றார் நோட்டைப் பார்த்து. "நேத்து இறுக்கமாத்தான் இருந்துச்சு."

பத்தொன்பது நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். இடைவேளை விட்டால் மற்ற பிணங்களெல்லாம் எழுந்து டீ குடிக்கப் போகும். நான் போகவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து நோட்டு மேடமே என் டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். இன்னொரு கையால் எடுத்துக் குடித்தேன்.