குதிக்க விடாதவள்

எங்கள் குப்பத்தில் ஒரு சட்டம் உண்டு. எவனும் எழுதி வைத்ததில்லை. கடலில் ஒருவன் விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் உடனே குதிக்க வேண்டும். யோசித்துவிட்டுக் குதிக்கிறவன் கடலுக்கு லாயக்கில்லை, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கப் போகட்டும் என்பார்கள். குதிக்காதவனோடு யாரும் படகு ஏற மாட்டார்கள், அவனுக்குப் பெண்ணும் கொடுக்க மாட்டார்கள். கடலுக்கு இது சரியான சட்டம்தான். அதனால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள், என் நைனா உட்பட.

என் புருஷன் வரதன் குதித்தது கடலில் இல்லை. பழவேற்காட்டை ஒட்டிப் படகு செப்பனிடும் கரை ஒன்று இருக்கிறது. வெளியூர் விசைப்படகுகளை மேடேற்றி ஓட்டை அடைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். மீன்பாடு இல்லாத மாதங்களில் எங்கள் ஆண்கள் அங்கே கூலிக்குப் போவார்கள். அப்படி வந்த ஒரு படகின் அடியில், மீனையும் ஐஸையும் கொட்டி வைக்கும் அறையில், தண்ணீர் தேங்கி மிச்ச மீன் அழுகிக் கிடந்திருக்கிறது. கழுவ இறங்கிய வரதனின் கூட்டாளி மாரி அப்படியே சாய்ந்துவிட்டான். மேலே நின்ற வரதன் சட்டப்படி குதித்தான். இரண்டு பேரையும் பாயில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஊர் முகப்பில் பேனர் வைத்தார்கள். கல்யாண போட்டோவிலிருந்து என்னை வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கி, ‘நண்பனுக்காக உயிர் கொடுத்த மாவீரன்’ என்று போட்டிருந்தார்கள். வருஷா வருஷம் படையல் நடக்கும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பெருமை ராத்திரியில் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளுமா? அவன் பாய் சுருட்டியபடியே கிடந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நன்றாக நீந்துகிற, கல் மாதிரி இருந்த மனுஷனை இடுப்பளவு தண்ணீர் கூட இல்லாத ஒரு பெட்டிக்குள் எது கொன்றது? நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். காத்துக் கருப்பு அடித்தது என்று பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார். ஹார்ட் அட்டாக் என்றார் கரை முதலாளி. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில், ஒரே பெட்டியிலா என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்றார். ஓர் ஆபீசில் என்னை வெகுநேரம் உட்கார வைத்து இங்கிலீஷில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பத்தாவது ஃபெயிலான எனக்கு அது பஜ்ஜி மடிக்கத்தான் ஆகும்.

போனில் தேடினேன். அது அதற்கு மேல். ஒருத்தன் உப்புத்தண்ணி குடி என்கிறான். ஒருத்தன் உள்ளே கற்பூரம் கொளுத்திப் போடு என்கிறான். ஈரத்துண்டில் எலுமிச்சைச் சாறு பிழிந்து மூக்கில் கட்டினால் எந்த விஷக்காற்றும் அண்டாது என்று ஒரு வீடியோ. பின்னால் புல்லாங்குழல் வேறு வாசிக்கிறார்கள். கரையில் வேலை செய்கிறவர்கள் அதைத்தான் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். கேட்க நன்றாக இருப்பதை நம்பிவிடுவது மனுஷ புத்தி.

அன்றைக்கு வரதனை மேலே தூக்க வந்த தீயணைப்பு வண்டியில் ஜெரோம் என்று ஒரு பையன் வந்திருந்தான். கடைசியில் பஸ் பிடித்து அவன் வேலை செய்யும் நிலையத்துக்கே போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது அவனுக்கு. உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க வூட்டுக்காரர் எறங்கியிருக்கவே கூடாது.”

அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. ஓங்கி அறையலாமா என்று இருந்தது.

“அழுகுன மீனுல கேஸ் வருது. மொதல்ல முட்டை அழுகுன நாத்தம் அடிக்கும், அப்பால நாத்தமே தெரியாது. மூக்கு செத்துடும். கேஸ் போய்டுச்சினு நெனைச்சிக்குவாங்க. ரெண்டு மூச்சுல ஆள் உழுந்துடுவான்.”

“ஈரத்துண்டு?”

“வேலைக்கு ஆவாது.”

“அப்ப உழுந்தவனை வுட்டுட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?”

“காத்து ஊதணும், எங்களைக் கூப்புடணும். எங்க ஆபீசரே உள்ள உழுந்தாலும் மாஸ்க் இல்லாம நான் எறங்கக் கூடாதுக்கா. எங்களுக்கும் அதான் ரூல்.”

“எத்தினி நேரம் ஊதுனா கேஸ் போவும்?”

“அது எனக்குத் தெரியாது. மீட்டர் வச்சிப் பாத்தாத்தான் தெரியும்.”

அங்கேதான் அவனை நம்பினேன். இத்தனை பேரிடம் அலைந்ததில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவன். எனக்கு ஆறுதல் சொல்லாத முதல் ஆளும் அவன்தான்.

திரும்பி வந்து மாமியாரிடம் சொன்னேன். குப்பம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்காமலே கேட்டாள்.

“அப்போ எம்புள்ள முட்டாளா?”

“அப்டி சொல்லல அத்தை.”

“வேற எப்டி சொல்ற?”

அவன் வீரன் என்றால் அடுத்தவனும் குதிப்பான். அவன் குதித்தது தப்பு என்றால் அவன் செத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. இதில் எந்தப் பக்கம் நிற்க? கரையில் சொல்லிப் பார்த்தேன். செத்தவன் பேரை நீயே கெடுக்காதே என்றார்கள். தெருக்குழாய்க்கு நான் போனால் பேச்சு நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊர் தானாகவே வாயை மூடிக்கொண்டால் அது இன்னும் மோசம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

வயிற்றுக்கு வேண்டுமே, அதனால் அதே கரையில் படகின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டும் வேலைக்குப் போனேன். என் கொழுந்தன் தினகரனும் அங்கேதான் பெயின்ட் அடித்தான். வரதனுக்கு ஒரே தம்பி. அண்ணனைப் போலவே முதுகு, அண்ணனைப் போலவே அவசரம். அவனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. நான் கும்பிட்டதெல்லாம் ஒன்றுதான். இவனாவது மிஞ்ச வேண்டும்.

ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், தலைக்கு மேலே ஒரு படகில் தொப்பென்று சத்தம் கேட்டது. அப்புறம் “மூர்த்தி, மூர்த்தி” என்று கூப்பாடு. மூர்த்தி கரையில் மெஷின் பார்க்கிறவன், நல்ல மனுஷன், என்னோடு பேச்சை நிறுத்தாத ஒன்றிரண்டு பேரில் ஒருவன். மோட்டார் குழாயில் குப்பை அடைத்திருக்கிறது என்று மீன் அறைக்குள் இறங்கியிருக்கிறான், மூக்கில் எலுமிச்சை பிழிந்த ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு.

சுரண்டியைப் போட்டுவிட்டு ஏணியில் ஏறினேன். தினகரன் படகின் அந்தக் கோடியிலிருந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்தான். அவனுக்கு இரண்டே எட்டு முந்தி நான் போய்ச் சேர்ந்தேன். அறையின் மூடிப் பலகையை வாயின் மேல் முக்கால்வாசி இழுத்துப் போட்டு அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

“அண்ணி, நவுரு. மூர்த்தி உள்ள கீறான்.”

“தெரியும். நவுர மாட்டேன்.”

“எங்கண்ணன் குதிச்சாரு. நான் நின்னு வேடிக்கை பாக்கவா?”

“உங்கண்ணன் குதிச்சாரு. அதனாலதான் நான் இங்க குந்தினுகீறேன்.”

எங்களில் கொழுந்தன் அண்ணியைத் தொட மாட்டான். அண்ணன் போன பிறகு சொல்லவே வேண்டாம், நிழல் படாமல் ஒதுங்கிப் போவான். மற்ற ஆண்களும் புருஷன் இல்லாதவளை நாலு பேர் பார்க்கத் தொட்டுத் தூக்க மாட்டார்கள். ஏதோ தொற்றுநோய்க்காரி போல என்னைச் சுற்றி வழிவிட்டுப் போகும் அந்த வழக்கத்தை நான் எத்தனையோ நாள் சபித்திருக்கிறேன். அன்றைக்கு அதைத்தான் வேலியாகப் போட்டுக்கொண்டேன்.

“நூத்தியொண்ணுக்கு போன் போடு. பெயின்ட் அடிக்கிற கம்ப்ரஸரு குழாயைக் கொண்டா, இந்தச் சந்துல வுடு” என்று கத்தினேன். ஒருவன் ஓடினான். மற்றவர்கள் நின்று என்னைத் திட்டினார்கள். அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழாய் வந்தது, சந்தில் விட்டு ஊதினோம்.

எனக்குக் கீழே, பலகைக்கு அடியில், குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. தினகரன் மண்டியிட்டு அதைக் கேட்டான். “உசுரு கீது அண்ணி, உன் கால்ல உழுறேன்” என்று அழுதான். எழுந்துவிடலாம் என்று தோன்றியது, ஒரு தரமல்ல, பல தரம். பிறகு அந்தச் சத்தம் நின்றது. நான் எழுந்திருக்கவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஆள் இறங்கித் தூக்கியபோது மூர்த்தி போய்விட்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஜெசிந்தா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அத்தனை ஆண்களையும் ஒரு முறை பார்த்தாள். அதற்குள் யாரோ அவள் காதில் போட்டுவிட்டார்கள். என்னிடம் வந்து நின்றாள்.

“உன்ன மாதிரியே என்னையும் ஆக்கிட்டியே பூவிழி.”

அடித்திருந்தால் தேவலை.

சேதி கேட்டு ஜெரோம் போன் செய்தான். யாராவது இறங்கியிருந்தால் அவனையும் சேர்த்துத்தான் தூக்கியிருப்போம், நீங்கள் செய்தது சரி என்றான். அவனை நம்புகிறேன். நம்புவது வேறு, தூங்குவது வேறு.

தினகரனின் நிச்சயம் முறிந்தது. கண்ணெதிரே ஒருவன் செத்தும் நின்றுகொண்டிருந்தவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்றார்களாம். அவனைப் படகில் ஏற்றவும் ஆளில்லை. இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறான். குப்பம்மா என் பக்கம் திரும்புவதே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் தினகரன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். நான் வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் மாறி நடந்தான்.

“அவ மூஞ்சியில முழிச்சாலே பேஜாருடா. என்னை ஆம்பளையே இல்லாம ஆக்கிட்டா” என்று கூட வந்தவனிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னான்.

தெரு முனை திரும்பும்வரை அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கும் எவளாவது ஒருத்தி அந்தப் பலகையின் மேல் உட்கார்ந்திருந்தால், வரதனும் இப்படித்தான் அவளைத் திட்டிக்கொண்டு இந்தத் தெருவில் போய்க்கொண்டிருப்பான். நானும் அவளோடு பேசியிருக்க மாட்டேன்.