ஒரே பீப்பாய், இரண்டு வீடு

தமாரா திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிச் சட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவள் கணவன் சகாரியா, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டோடு சவப்பெட்டிக்குள் கிடந்தான். மைத்துனன் நிகனோர் அடுப்படி வாசலில் நின்று மூன்றாவது முறையாகச் சொன்னான், டவுனுக்கு வண்டி அனுப்பிக் கடை ஒயின் வாங்கி வந்துவிடலாம் என்று.

"நம்ம நிலவறை ஒயினை யாரும் தொட மாட்டாங்க அண்ணி. ரெண்டு பேரைக் கொன்ன எடம்."

"கொன்னது இந்த வருஷத்துச் சாறு. போன வருஷத்துப் பீப்பாய் யாரை என்ன பண்ணுச்சு?"



முந்தாநாள் காலை, தொட்டியில் புளித்துப் பொங்கிக்கொண்டிருந்த புதுச்சாற்றைக் கிளறிவிட சகாரியா நிலவறைக்குள் இறங்கினான். சாறு பொங்கும்போது கிளம்பும் காற்று கண்ணுக்குத் தெரியாது. கனத்துக் கீழேயே தங்கிவிடும். எல்லா வருஷமும் ஒரு மெழுகுவர்த்தியை முன்னால் இறக்கி, அணையாமல் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவான். ராத்திரி முழுக்கக் கதவு திறந்துதானே கிடந்தது என்று அன்றைக்குச் சும்மா இறங்கிவிட்டான். கூப்பிட்டும் குரல் வராமல் எட்டிப் பார்த்த தமாரா வேலிப் பக்கம் ஓடிப் பக்கத்து வீட்டு பிலிப்பைக் கூவினாள். அவன் வேலியைத் தாண்டி வந்து நேராக இறங்கினான். அவனும் ஏறி வரவில்லை. ஊர்க்காரர்கள் கூடி நிலவறையின் பின்பக்கச் சுவரை இடித்து இருவரையும் வெளியே இழுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று பிற்பகல் இரண்டு அடக்கம். ஒரே பாதிரியார், ஒரே மணி. வருகிறவர்களுக்கு ஒரு கோப்பை ஒயின் கொடுக்க வேண்டும். செத்தவர் பேரால் மண்ணில் ஒரு சொட்டு விட்டுவிட்டுத்தான் அவர்கள் குடிப்பார்கள். அது இல்லாமல் மால்டோவாவில் யாரையும் புதைத்ததில்லை. பிலிப் வீட்டிலோ ஒரு வாய் ஒயின் கிடையாது. போன வருஷத்து ஆலங்கட்டி மழை அவர்கள் கொடியில் ஒரு குலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

தமாரா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். மெழுகுவர்த்தியை வாளியில் நிறுத்திக் கயிற்றில் இறக்கினாள். சுடர் அசையாமல் எரிந்தது. முற்றத்தில் நின்ற ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் தடுக்கவில்லை, கூடவும் வரவில்லை. படியிறங்கிப் போன வருஷத்துப் பீப்பாயிலிருந்து இரண்டு கேன்களை நிரப்பி ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்தாள். ஒன்றை நிகனோரின் காலடியில் வைத்தாள்.  அவன் ஒரு கோப்பை ஊற்றி, மண்ணில் சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான்.

மற்றதை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். இந்த இரண்டு நாளில் அந்தப் படலைத் தாண்டக் கால் வரவில்லை. பிலிப்பின் மனைவி அனிசியா முற்றத்தில் தனியாகப் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். 

"நீதானே அக்கா கூப்பிட்ட?"

"நான்தான்."

"என்னன்னு கூப்பிட்ட?"

"பேரைச் சொல்லித்தான். வேற ஒண்ணும் வாயில வரல."

அனிசியா துணியைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"பூசணிக்கா பலகாரம் தின்னுக்கிட்டே வந்தாரு. அதை எங்கிட்ட நீட்டி, 'புடி'ன்னாரு. அவ்வளவுதான்."

"காலையில நான் சுட்டது." அனிசியா பெஞ்சில் உட்கார்ந்தாள். "எவ்வளவு தின்னிருந்தாரு?"

"பாதிக்கு மேல."

 வீட்டுக்குள் கிழவிகள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டார்கள். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. அது யாருக்கு என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

அனிசியா எழுந்து வந்து கேனின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். அது எந்த நிலவறையிலிருந்து வந்தது என்று தமாரா சொல்ல வாயெடுத்தாள். அனிசியா தெரியும் என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கேனை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். ஜாடிகளில் ஊற்றும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவள் வெறும் கேனை நீட்டினாள்.

"பத்தாது. அவரோட கூடப் பொறந்தவங்களே ஏழு பேரு வராங்க."

தமாரா வாங்கிக்கொண்டாள். தன் வீட்டு முற்றத்தைக் கடந்து, யாரையும் பார்க்காமல், மறுபடி படியிறங்கினாள். பீப்பாய்க்கு முன்னால் மண்டியிட்டு, கேனைக் குழாய்க்கு அடியில் சாய்த்துப் பிடித்தாள். பீப்பாயில் அளவு இறங்கியிருந்தது. ஒயின் மெல்லிய நூலாகத்தான் விழுந்தது. கேன் நிறைகிறவரை கையை மாற்றாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.